புவெனோஸ் ஐரிஸில் என் பக்கத்து நாற்காலி

தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ரோடு கிடக்கிற கிடப்பில் அதற்கே இரண்டேகால் மணி நேரம். பிறகு தோகா, சாவோ பாலோ, கடைசியாகப் புவெனோஸ் ஐரிஸ். மகளுக்கு அங்கே வேலை. எனக்கு ஒரே காரியம்: அந்த ஊர் ஜோடி ஆட்டமான டேங்கோ ஆட வேண்டும். போனில் பார்த்துப் பார்த்து அடுப்படியில் தனியாகக் காலெடுத்து வைத்துப் பழகியவள் நான். ஒரு பாட்டாவது ஓர் ஆளோடு முழுசாக ஆடிவிட்டுத்தான் திரும்புவது என்று வைராக்கியம்.

வீட்டுக்காரரை முதலில் கூப்பிட்டேன். மஸ்கட்டில் பதினைந்து வருஷம் இருந்த மனுஷர். முடியாது என்றார். இங்கே நம்மை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

“நம்ம பக்கத்து கொளச்சக்காரன் இல்லாத ஊரு உலகத்துல உண்டுமா? எவனாவது வீடியோ எடுத்து அனுப்புனா நான் எப்படிட்டி சர்ச்சுக்குப் போவேன்?”

ஆட மாட்டார், ஆனால் என்னைத் தனியே விடவும் மாட்டார். காவலுக்குக் கூடவே வந்தார்.

திங்கள், மாலை ஐந்து மணி. சான் தெல்மோவில் ஒரு நடனப் பள்ளி, ஆளுக்கு இருபது டாலர். வாயில் ரோஜாப்பூவைக் கடிக்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். எட்டு அடி சொல்லிக்கொடுத்தார்கள், கைதட்டி அனுப்பிவிட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் டூரிஸ்ட் பஸ்காரர்களை விரட்டிக் காட்டுவார்களே, அதேதான். பூ வேறு பிளாஸ்டிக்.

புதன், பலெர்மோவில் இன்னொன்று. கண்ணாடிச் சுவர், பளபளவென்று தரை. பெண்கள் கூடுதல், ஆண்கள் குறைவு. ஜோடி இல்லாத என்னைச் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகச் சொன்னார் வாத்தியார். சுவரோடு ஆடவா கடல் தாண்டி வந்தேன்? என் வீட்டுக்காரரோ மூலையில் உட்கார்ந்து, என் கைப்பையை மடியில் வைத்துக் கொட்டாவி விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளி, அல்மாக்ரோ. மெட்ரோவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. இது நல்ல பள்ளி. மார்த்தா என்ற ஆசிரியை ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதன் பின் பாட்டுப் போட்டு எல்லாரையும் ஆட விடுவார்கள். என்னைவிட மூத்த பெண்களெல்லாம் எழுந்து போனார்கள். என்னிடம் ஒருவனும் வரவில்லை. நான் கறுப்பு, அதனால்தான் என்று முடிவு கட்டினேன். நேரே மார்த்தாவிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டும் விட்டேன்.

அந்த அம்மாள் என் நாற்காலியைக் காட்டினார். பக்கத்தில் இவர். ஒரு பெண்ணும் ஆணும் சேர்ந்து உட்கார்ந்தால் அவள் அவனுடைய ஜோடி, வேறு யாரும் கூப்பிடக் கூடாது; இங்கே அதுதான் மரியாதை என்றார். ஆட வேண்டுமானால் பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம். கண்ணுக்குக் கண் பார்த்து, தலையசைத்துத்தான் அழைப்பு.

நல்லா இருக்கிறதே கதை. தானும் ஆட மாட்டார், ஆட வருகிறவனையும் விட மாட்டார். அந்தப் பக்கம் போய் இருங்கள் என்றேன். கட்டின பெண்டாட்டியை இப்படி விட்டுவிட்டா என்று முனகினார்.

“இருபத்தெட்டு வருசமா சர்ச்சுல நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அங்க இல்லாத பயமும் பேடியும் இங்க எங்கேருந்து வந்துது?”

எழுந்து போனார். கைப்பையையும் கொண்டு போனார்.

நான் தலையை நிமிர்த்தினேன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்தடுத்து மூன்று பாட்டு. இரண்டு தடவை அவர் காலை மிதித்தேன், அவர் கண்டுகொள்ளவேயில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே கிடையாது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? எதிர்ப்பக்கம் பார்த்தேன். இவர் எங்களைப் பார்த்தபடியே இருந்தார்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, தக்கலை. பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இவர். மார்த்தா சொன்னபடி நேராகக் கண்ணைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் கையில் அது தலைகீழாக இருந்தது.