போரட்டே என்றால் வரட்டும்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் கல்யாண மண்டபத்தைக் கட்டிய மனிதர் கையில் கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஐயா, இவ்வளவு பெரிய மண்டபத்துக்கு வண்டி போகவும் வரவும் வழி விட இந்த ஜங்ஷன் முனைதான் கிடைத்ததா? நாலு பக்கமிருந்தும் ஆட்டோ, பஸ், மிளகு மூட்டை லாரி, வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிய வேன் எல்லாம் வந்து குவிகிற இடம் அது. அதை ஒட்டினாற்போல எங்கள் கேட். கேட்டுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் மதில், நடுவே ஒரு பஸ் மட்டும் போகிற அகலத்தில் நீளமாக ஒரு பாதை. உள்ளே வண்டியைத் திருப்ப இடமே கிடையாது. அதனால் பெரிய வண்டி எதுவானாலும் கேட்டைத் தாண்டிப் போய் நின்று, ரிவர்ஸில்தான் உள்ளே வரவேண்டும். அது வரும்வரை நாலு ரோடும் நிற்கும். நிறுத்துகிறவள் நான்.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் தொலைத்தேன். வேறு கேட்கவும் இல்லை, என் தொண்டையே போதும். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தேனிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர் என் அப்பா. அதனால் வீட்டில் தமிழ், ரோட்டில் மலையாளம். கோபம் வந்தால் மட்டும் ரோட்டிலும் தமிழ். ஆட்டோக்காரர்கள் என் தமிழுக்கு ரொம்பப் பயப்படுவார்கள். அர்த்தம் புரியாததால், நான் சொல்வதைவிட மோசமாக எதையோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது சௌகரியம்தான்.

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு குறை. எத்தனையோ மாப்பிள்ளைகளை உள்ளே அனுப்பியிருக்கிறேன், ஒரு தாலி கட்டுவதைக்கூட நான் பார்த்ததில்லை. பிந்தி வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல முகூர்த்த நேரத்தில்தான் வந்து விழுவார்கள். உள்ளே கெட்டி மேளம் கொட்டும்போது நான் வெளியே ஏதாவது ஒரு காரின் பானட்டைத் தட்டிக்கொண்டிருப்பேன். சரி, என் சொந்தக் கல்யாணத்திலாவது பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை. குனிந்த தலையோடு உட்கார்ந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளையின் கால் கட்டைவிரல். நகம்கூட வெட்டவில்லை, பாவி மனுஷன்.

அதனால் என் மகளுடைய கல்யாணம் இதே மண்டபத்தில் என்று முடிவானபோது வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் கேட்டில் நிற்க மாட்டேன். மேடைக்கு முன்னால் நிற்பேன். தாலி ஏறுவதை இரண்டு கண்ணாலும் பார்ப்பேன். மாப்பிள்ளைக்கு ஊர் போடி. கல்யாணம் முடிந்த கையோடு இவளும் அங்கே போய்விடுவாள். அப்புறம் எனக்கு எப்போது கிடைக்கும்? மகள் என்னைவிடக் கறாராக இருந்தாள். "அம்மா, நீ பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன், சத்தியம்!" என்றாள். "இடி விழுந்தாலும் அசைய மாட்டேன் போடீ" என்று நானும் சொன்னேன்.

என் இடத்தில் நிற்க ஜெனரேட்டர் பார்க்கிற சேட்டனை ஏற்பாடு செய்தேன். அவர் மலையாளி, தங்கமான மனுஷன், ஆனால் குரல் மட்டும் பஞ்சு மாதிரி. பஸ் வந்தால் கேட்டைத் தாண்டி நிறுத்தச் சொல்லவேண்டும், பின்னால் போய் நின்று கூப்பிட வேண்டும், மதிலை இடிக்காமல் பார்க்க வேண்டும் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "இதொக்கெ எனிக்கறியாம் சேச்சீ" என்றார். எல்லாம் தெரியுமாம். தெரியும்தான், அதில் பொய் இல்லை.

கல்யாணத்தன்று காலை அரக்குப் பட்டு கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, ஆரத்தித் தட்டோடு மண்டப வாசலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பாதை நெடுக கேட் வரைக்கும் தெரியும். எறணாகுளத்தில் லாட்ஜில் தங்கியிருந்த மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் புறப்பட்டுவிட்டதாக போன் வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸும் வந்தது, முன்னால் வாழை மரம் கட்டி, உள்ளே பாட்டு அலற. ஒழுங்காகக் கேட்டைத் தாண்டிப் போய் நின்றது. அடடா, என்ன அழகான ஓட்டு என்று நினைத்தேன். நம்ம சேட்டனும் பொறுப்பாக பஸ்ஸுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் தூக்கி, தன்னிடம் இருந்த மொத்தக் குரலையும் திரட்டிக் கத்தினார்.

"போரட்டே! போரட்டே!"

பஸ் உறுமியது, கிளம்பியது, நேராக முன்னால் போய்க் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

ஆரத்தித் தட்டோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சேட்டன் கேட்டிலிருந்து ஓடி வந்தார். "ஞான் போரட்டே போரட்டேன்னு பறஞ்ஞு சேச்சீ, புள்ளி அங்ஙு போயி!" என்று அழாத குறையாகச் சொன்னார். டிரைவர் அந்தப் பக்கமே போய்விட்டாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் போரட்டே என்றால் 'வரட்டும்'. இந்த ஊரில் எந்த வண்டியை ரிவர்ஸில் கூப்பிட்டாலும் போரட்டே, போரட்டேதான். போடியிலிருந்து வந்த டிரைவர் காதில் அது எப்படி விழும்? 'போகட்டும், போகட்டும்' என்றுதான் விழும். நான் கேட்டில் நிற்கும்போது தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்தால் வாய் தானாகவே வரட்டும் என்று மாறிவிடும். இப்படி ஒரு மாற்றம் நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அப்புறம் சேட்டனுக்கு எங்கே சொல்லிக் கொடுப்பது!

என் வீட்டுக்காரர் போன் போட்டார். டிரைவரே எடுத்துப் பேசினார். "யாரோ ஒருத்தர் பின்னால நின்னு போகட்டும் போகட்டும்னு வெரட்டுனாருங்க. உள்ள எடமில்ல போலன்னு நேரா விட்டுட்டேன். இப்ப ஏதோ ஆத்தங்கரைல லைன்ல நிக்கிறோம். முன்னால அஞ்சு வண்டி நிக்குது." அது ஆறு இல்லை, அழிமுகம், காயல் கடலில் கலக்கிற வாய். லைன், வைப்பின் தீவுக்கு வண்டிகளை ஏற்றிப்போகிற ஜங்கார் படகுக்கான லைன். இன்னும் ஐந்து வண்டி முன்னால் நகர்ந்தால் என் மாப்பிள்ளை கடல் தாண்டிவிடுவார்.

"யோவ், ஏறிறாதீங்க! திருப்புங்க!" என்று போனைப் பிடுங்கிக் கத்தினேன். மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர் ஒரு நொடி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீங்க வாசிங்க சாமி, உங்கள இல்ல, என்றேன்.

பஸ் திரும்பி வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உள்ளே ஐயர் நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கடைசியில் பஸ் வந்தது. ஆனால் இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது, கேட் அதற்கு வலது கைப் பக்கம். குறுக்கே வளைத்துத்தான் ரிவர்ஸ் எடுக்கவேண்டும். டிரைவர் வளைத்தார். சேட்டன் ஓடிப்போய், பழக்க தோஷத்தில், மறுபடியும் போரட்டே என்று ஆரம்பித்தார். டிரைவர் குழம்பி முன்னால் எடுத்தார். "மதி, மதி!" என்று அலறினார் சேட்டன். போதும் என்று அர்த்தம். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மதியா? எம்பேரு மதி இல்லங்க!" என்றார். பஸ் ஜங்ஷனுக்கு நட்ட நடுவில், மூக்கு ஒரு ரோட்டிலும் வால் ஒரு ரோட்டிலுமாகக் குறுக்கே படுத்துவிட்டது.

நாலு ரோடும் நின்றது. ஹாரன் சத்தத்தில் நாதஸ்வரமே கேட்கவில்லை.

ஆரத்தித் தட்டை வீட்டுக்காரர் கையில் திணித்தேன், புடவையை இடுப்பில் சொருகினேன். "ஏய், எங்க போற? தாலி கட்டுறதைப் பாக்கணும்னியே!" என்று அவர் பின்னால் கத்தினார். மாப்பிள்ளையே வராமல் எந்தத் தாலி கட்டுறதைப் பார்ப்பது? ஓடினேன்.

பஸ் ஜன்னலில் மாப்பிள்ளை முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். மாலை வேறு கசங்கிவிட்டது. "மாப்ள, எறங்குங்க. எல்லாரும் எறங்கி நடந்து உள்ள போங்க. பஸ்ஸ நான் பாத்துக்கிறேன்" என்றேன். சம்பந்தியம்மாவுக்கு மனசு வரவில்லை. "மாப்பிள்ள நடந்தா வாறது? நல்லாவா இருக்கும்?" என்றார். "நேரம் போயிருச்சுன்னா அதைவிட நல்லா இருக்காது சம்மந்தி, தாலித் தட்ட எடுத்துக்கிட்டு எறங்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று சொல்லி, கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படி ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை மட்டாஞ்சேரி பார்த்திருக்காது. நின்றுபோன ஆட்டோக்களுக்கு நடுவே சந்து சந்தாகப் புகுந்து மாப்பிள்ளை போகிறார். பின்னால் சீர்த் தட்டுகள் தலைக்கு மேலே போகின்றன. ஒரு லாரியின் கிளீனர் கீழே குதித்து, வயதான அம்மா ஒருவரின் தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். என்னிடம் தினமும் திட்டு வாங்குகிற ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "சேச்சீ, மோள்டெ கல்யாணமாணோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். "சேச்சீடெ மோள்டெ கல்யாணமாடா, மாறிக்கொடுக்கெடா!" என்று எல்லாரையும் விலகச் சொல்லி அவர் போட்ட சத்தத்தில் வரிசையாக எல்லா ஆட்டோவும் பின்வாங்க ஆரம்பித்தது. அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார். பஸ் மட்டும் வெளியே. அப்படியே விட்டுவிட்டு ஓடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கு வழி விட்டுப் பின்வாங்கி நிற்கிற அத்தனை பேரையும் நடுரோட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது? உள்ளே ஒலிபெருக்கியில் மந்திரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எந்த நிமிடமும் கெட்டி மேளம் கொட்டிவிடும்.

சேட்டனை ஜங்ஷன் பக்கம் நிற்க வைத்துவிட்டு நான் கேட்டுக்குள் போய் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றேன். "அண்ணே! என் கைய மட்டும் பாருங்க. இந்த ஊர்ல வேற யாரு என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க!"

"நீங்க சொல்லுங்கக்கா!"

"வரட்டும்… வரட்டும்… ஸ்டீயரிங்க நல்லா ஒடிங்க… ஆங், அப்பிடியே வரட்டும்…"

பஸ் வந்தது. வெண்ணெய் மாதிரி வந்தது. இரண்டு பக்க மதிலும் உரசாமல், நான் பின்பக்கமாகவே நடக்க நடக்க, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அது வந்தது. இடுப்பில் சொருகிய பட்டுப் புடவை அவிழ்ந்து தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. மண்டபப் படியில் என் குதிகால் முட்டியதும், "போதும்!" என்று கத்திவிட்டு, டிரைவர் எஞ்சினை அணைக்கும் முன்பே உள்ளே ஓடினேன்.

மண்டபத்தில் சத்தமே இல்லை. மந்திரம் முடிந்திருந்தது. தவில்காரர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். மாப்பிள்ளை தாலியை நீட்டிப் பிடித்திருக்க, என் மகள் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாளாம். "நேரம் போறதும்மா" என்று ஐயர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அம்மா வரட்டும்" என்ற அவள் குரல் மட்டும் எனக்குக் கேட்டது.

கேட்டதே தவிர ஆளைப் பார்க்க முடியவில்லை. மேடைக்கு முன்னால் ஒரு மதிலே எழும்பியிருந்தது. போட்டோக்காரர், வீடியோக்காரர், லைட் பிடிக்கிறவர், இரண்டு வீட்டுச் சித்தப்பா பெரியப்பாக்கள், ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எக்கிப் பார்த்தேன், முதுகுதான் தெரிந்தது. வந்ததே கோபம்! ரோட்டில் அத்தனை வண்டியை விலக்கிவிட்டு வந்தவளுக்கு இங்கே ஒரு ஜங்ஷனா?

"எடோ கேமரா! ரைட்ல ஒதுங்கு! லைட்டு, பின்னால எடு! போன் எல்லாம் கீழ இறக்கு! பெரியப்பா, நடுவழில நிக்காதீங்க, லெஃப்ட்ல போங்க! வழி விடு, வழி விடு!"

மண்டபமே அதிர்ந்து இரண்டாகப் பிளந்தது. கேள்வி கேட்காமல் விலகினார்கள். சம்பந்தியம்மாவும் ஒரு அடி தள்ளி நின்றார். வழி நேராக, சுத்தமாக, மேடை வரைக்கும் திறந்தது. அந்த முனையில் என் மகள் மணக்கோலத்தில் சிரியோ சிரியென்று சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் கையை விட்டாள்.

கெட்டி மேளம் கொட்டியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊரையே விலக்கி நிறுத்திவிட்டுப் பார்த்தால், முகமே தெரியவில்லை! தெரிந்தது வகிடு மட்டும்தான். காலையில் அழுகையை அடக்கிக்கொண்டு நான் எடுத்துவிட்ட வகிடு, நடுவில் கொஞ்சம் கோணல். அதற்குக் கீழே மஞ்சள் கயிறு ஏறுவதைப் பார்த்தேன், முடிச்சு விழுவதைப் பார்த்தேன். அரிசியும் பூவும் என் தலைக்கு மேலே பறந்தன. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் அந்த நேரத்துக்குப் பார்க்க முடியாதே.

நிமிர்ந்ததும் அவள் பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் தேடினாள். "பாத்தியா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"பாத்தேன்டீ!" என்றேன். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். வெளியே கேட்டில் நின்ற சேட்டனுக்குக் கேட்டதாம்.