லண்டன் வெயிலும் மாமியின் தறப்பாளும்

கால்வாய்ச் சேறும் டீசலும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு ஹோல் முழுக்க அந்த வாரம் அப்பிக் கிடந்தது. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு அம்மா தரையில் விரித்திருந்தது மாமியின் படகை மூடும் கனத்த கன்வஸ் துணி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "தறப்பாள்".

மாமி, அப்பாவின் ஒரே தங்கை. கணவரைப் பிரிந்தபின், அண்ணன் வீட்டுக்கு வரச் சொல்லியும் கேளாமல், வடக்கு லண்டனில் பழைய படகொன்றை வாங்கி அதில் குடியேறிவிட்டார். ஆர்ச்வே முருகன் கோயிலில் சனம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அப்பா களைத்துப்போனார். வீடு இருக்க ஒருவர் ஏன் படகில் படுக்க வேண்டும் என்பது எனக்கும் விளங்கவில்லை. இப்போது தறப்பாளின் தையல் பிரிந்து, மழை மாமியின் படுக்கைவரை வந்துவிட்டது.

"இனியாவது வீட்டை வா," என்றார் அப்பா.

"தைச்சா ஒழுகாது. பிறகும் ஒழுகினா வாறன், அண்ணை," என்றார் மாமி.

ஆக, மாமி எங்கே வாழ்வது என்பது ஒரு நூலில் வந்து நின்றது. சாறி பிளவுஸ் தைக்கும் அம்மாவுக்குப் பருத்தி நூலை விட்டால் வேறு நம்பிக்கை இல்லை. நனைந்தால் ஊதி ஊசித்துளையை அடைத்துவிடும் என்றார். நோர்பரியில் தையல் சாமான் விற்றவரோ, பருத்தி ஈரத்தில் உக்கிப்போகும், வெயில் தாங்கும் தடித்த பொலியெஸ்டர்தான் வேண்டும் என்று ஒரு நூல்கட்டையைக் கொடுத்தனுப்பினார். அப்பா இரண்டையும் ஒதுக்கிவிட்டு நைலோன் நூலை எடுத்து வைத்தார்.

"கடலுக்கை கிடக்கிற வலையே நைலோன். வெயிலாம் வெயில்! லண்டனிலை எங்கை வெயில் எறிக்குது?"

எல்லோரும் சிரித்தோம். யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்து வந்தவர்களுக்கு, வருடம் முழுக்க ஜாக்கெட்டோடு திரியும் ஊரில் நூலை வெயில் தின்னும் என்றால் சிரிப்பு வராதா? மூன்று கட்டைகளையும் மாறி மாறிப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அதைவிட என்னைக் குழப்பியது வேறொன்று. சின்ன வயதில் நைலோன் வலையைக் கனநேரம் வெயிலில் போட்டதற்குத் தன் தகப்பனிடம் அடிவாங்கிய கதையை எனக்குச் சொன்னவரே அப்பாதான். அதைக் கேட்க வாயெடுத்தேன். "சும்மா இரு," என்று அம்மா அடக்கிவிட்டார். மாமி தறப்பாளின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நைலோனால் தைத்தார்கள். அந்த மாரி முழுக்க ஒரு துளியும் ஒழுகவில்லை. மாமிக்கு வெற்றிச் சிரிப்பு. அப்பா மட்டும் மழை பெய்தால் ஜன்னலடியில் போய் நின்றார். ஆனால் இரண்டாவது கோடை முடிந்தபோது நகம் பட்டாலே தையல் பொடிந்தது. துணிக்கு ஒரு கீறலும் இல்லை.

மாமி இரண்டு பைகளோடு வந்து நின்றார். அப்பா தானே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அந்தக் குளிர்காலம் மாமி என் அறையில்தான் படுத்தார். எனக்கு அத்தனை சந்தோஷம். பிறகு ஒருநாள் மாமி, ஒதுக்கி வைத்த பொலியெஸ்டர் கட்டையைத் தேடி எடுத்துத் தறப்பாளை விரித்துத் தைக்க ஆரம்பித்தார். அப்பா எதிரே உட்கார்ந்து விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். வெயில் வந்ததும் மாமி படகுக்குத் திரும்பிவிட்டார்.

இன்று அப்பா இல்லை. படகு கைமாறிப் போய்விட்டது, நோர்பரிக் கடை இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள், மாமிக்குக் கவுன்சில் பிளாட் கிடைத்துவிட்டது. போன வாரம் என் தோட்டத்து நிழல்துணியைத் தைக்க நூல் வாங்கிக்கொண்டு அவரிடம் போனபோதுதான் கேட்டேன்.

"நைலோன் வெயிலுக்குத் தாங்காதெண்டு அப்பாவுக்குத் தெரியுமோ, மாமி?"

"ஓம், தெரியும். எனக்கும்தான் தெரியும். நானும் அந்தக் கரையிலைதானே வளந்தனான்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

மாமி என் கையிலிருந்த நூலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊசியில் கோத்தார்.

"கூப்பிட்ட உடனை எப்பிடிப் பிள்ளை வாறது?"