மாமா நிக்கிறாக

என் கணவருடைய ஓட்டுநர் உரிமத்தின் பின்பக்கத்தில் எழுபதுகளின் பிற்பகுதியில் இரண்டு பதிவுகள் இருந்தன. இரண்டும் அதிவேகத்துக்காக எழுதப்பட்டவை. இரண்டாவதை எழுதிய நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, மூன்றாவது ஒன்று வந்தால் உரிமத்தை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிவரும் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது அவருடைய முகம், பரீட்சைத்தாளில் சிவப்பு மை கண்ட மாணவனின் முகமாக இருந்தது. நான் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தவள். அந்த முகத்தைத் தினமும் பார்த்துப் பழகியிருந்தேன்.

அவருக்கு வேகம் பொழுதுபோக்கு அன்று, தொழில். தேனியில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் நின்றாலும் கடைக்கு ஆள் வரும், அல்லது தொலைபேசி மணி அடிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பேரிங்கோ ஃபுட் வால்வோ தோட்டத்து வரப்பில் இருக்கும் என்பது அவர் ஊரெல்லாம் கொடுத்து வைத்திருந்த வாக்கு. உரிமம் போனால் ஓட்டுநர் ஒருவரை அமர்த்த வேண்டும். ஆனால் பிறர் ஓட்டும் காரில் அமர்ந்தால் அவர் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். ஒருமுறை அப்படி மிதித்து மிதித்துக் கால்விரிப்பையே கிழித்திருந்தார்.

போலீசார் வேகத்தைப் பிடித்த முறை எளிமையானது. நேரான சாலையில் இரண்டு மரங்களைத் தேர்ந்துகொள்வார்கள். முதல் மரத்தடியில் நிற்கும் காவலர் வண்டி கடந்ததும் கைக்குட்டையை வீசுவார். அடுத்த மரத்தடியில் நிற்பவர் ஸ்டாப் வாட்சை அழுத்துவார். இந்த இரண்டு மரங்கள் அன்றைக்கு எவை என்பதை முன்கூட்டியே அறிய ஒரு வழி வேண்டும் என்பதுதான் என் கணவரின் ஆராய்ச்சி. மெதுவாகப் போவது என்ற வழியை நான் முன்வைத்தேன். அதை அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"நீதான் மார்க்குப் போடுறவ. நான் ஒவ்வொண்ணாப் பார்த்துச் சொல்றேன், நீ நூத்துக்கு எத்தனைன்னு போடு" என்றார்.

முதலில் தேர்வுக்கு வந்தது எதிரே வரும் லாரிகளின் முன்விளக்கு. பகலில் விளக்கை இரண்டு தரம் மின்னினால், முன்னால் போலீஸ் என்று பொருள். ஆனால் லாரிக்காரர்கள் அதே மின்னலை ஒதுங்கு என்பதற்கும், நலமா என்பதற்கும், சும்மாவும் பயன்படுத்தினார்கள். ஒரு நாள் உத்தமபாளையத்துக்கு முன்னால் ஒரு லாரி மின்னியது. அடுத்த லாரியும் மின்னியது. மூன்றாவது லாரி ஹாரனும் அடித்தது. என் கணவர் பெருமிதத்தோடு வேகத்தைக் குறைத்து, கூட்டுச் சாலை வரை மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே போயிருக்கிறார். போலீஸ் யாரும் இல்லை. டிக்கி திறந்திருந்தது. இரண்டு இம்பெல்லர்களும் ஒரு கட்டு வாஷர்களும் வழியெங்கும் உதிர்ந்துவிட்டன. முன்விளக்குக்கு நாற்பது கொடுத்தேன். சேதி உண்மையாக இருந்ததற்காக.

அடுத்தது ஒரு பெட்டி. கடைவீதியில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர், போலீசார் வயர்லெஸ்ஸில் பேசினால் கத்தும் கருவி செய்து தருவதாகச் சொல்லி, சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைக் காரில் பொருத்தினார். சிவப்பு விளக்கும் உண்டு. அது நன்றாகவே கத்தியது. லோயர் கேம்ப் மின்நிலையத்திலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகள் சாலையை எங்கெங்கே குறுக்கிட்டனவோ அங்கெல்லாம் கத்தியது. வைப்பரைப் போட்டால் கத்தியது. கூடலூரைத் தாண்டியதும் மலையாளத்தில் மிளகுக்கு மருந்தடிப்பது பற்றிப் பேசியது.

"இது என்னண்ணே, தேனியிலருந்து லோயர் கேம்ப் வரைக்கும் போலீஸ் நிக்கிதுங்குது?" என்று என் கணவர் கேட்டதற்கு ரேடியோக்காரர், "நிக்கிமுல்ல! மறைஞ்சு நிக்கிறதத்தானே இது கண்டுபிடிக்கிது. உங்களுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்" என்றாராம். பெட்டிக்கு ஐந்து மதிப்பெண். அதுவும் கையெழுத்துக்குப் போடுவது போல, வேலைப்பாட்டுக்காக.

மூன்றாவதாகத்தான் டீக்கடை வந்தது. வீரபாண்டியைத் தாண்டி, கிளைச்சாலை பிரியும் ஒரு விலக்கில், என்னைவிட நான்கைந்து வயது இளையவளான ஒரு பெண் தனியாகக் கடை நடத்திவந்தாள். சின்னமனூரிலிருந்து வரும் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் அவளிடம் டீ குடித்தார்கள். ஆகவே அந்தப் பக்கம் எந்த மரத்தடியில் யார் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். போகிற வண்டிக்காரர்களுக்கு அவள் அதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாளாம்.

"என்ன வார்த்தை?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? தொழில் பேச்சு" என்றார் என் கணவர். காதுமடல் சிவந்திருந்தது. ஏதோ கெட்ட வார்த்தை என்று எண்ணி நானும் விட்டுவிட்டேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையையும் நான் கண்டேன். வார்த்தையைக் கேட்க வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் டீ குடிக்காமல் கிளம்புவது மரியாதை அன்று. டீ குடித்தால் அவளுடைய மாமியாரைப் பற்றியும் கேட்க வேண்டும். அவர் சொன்ன நேரங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, வேகத்தால் அவர் மிச்சம் பிடித்த நேரம் ஒன்பது நிமிடம், டீக்கடையில் கழித்தது பன்னிரண்டு. இருந்தாலும் சேதி ஒருமுறையும் பொய்க்கவில்லை என்பதால் தொண்ணூறு கொடுத்தேன். என் கணவர் வகுப்பில் முதலாவதாக வந்தவரைப் போல மகிழ்ந்தார்.

அந்த ஆண்டு முழுப்பரீட்சை விடுமுறையில் ஒரு காலை, சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம் ஒன்றில் மோட்டார் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. கம்பத்தில் என் தந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். என் தந்தை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அந்த வாரத்தில் ஏதேனும் ஒரு நாள் தாமே தேனிக்கு வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். ஆனால் எந்த நாள் என்று எழுதமாட்டார். வரும் வழியில் சின்னமனூரில் இறங்கி வாழைத்தார் பேரம் பேசுவார். துணைக்கு என் சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு வருவார். யாரையும் காக்க வைக்கமாட்டார். தம்மை எவரேனும் காக்க வைத்தால் ஒரு வாரம் பேசமாட்டார். மருமகன் ஓட்டும் காரில் ஏறுவதில்லை என்றும் ஒரு கொள்கை வைத்திருந்தார். "அவரு ஓட்டல, எறியிறாரு" என்பது அவருடைய தீர்ப்பு.

டீக்கடை வந்தபோது கார் கொதித்துவிட்டது. என் கணவர் பானட்டைத் திறந்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றக் கடைக்குப் பின்னால் இருந்த தொட்டிக்குப் போனார். டீக்காரப் பெண் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி என் பக்கம் வந்தாள்.

"டீச்சர், அண்ணேகிட்டச் சொல்லிருங்க. மாமா நிக்கிறாக. கண்மாய்க்கரை தாண்டி வேப்பமரத்தடியில. ரெண்டு பேரு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "ரொம்ப நேரமாவா நிக்கிறாக?" என்றேன்.

"காலையில எட்டு மணியிலருந்தே நிக்கிறாக, பாவம். பசியோட இருப்பாக போல. பார்த்துப் போகச் சொல்லுங்க."

தண்ணீர் ஊற்றிப் பானட்டை மூடிவிட்டு வாளியோடு திரும்பிய என் கணவரிடம் நான் அந்தச் சேதியைச் சொன்னேன். அப்படியே சொல்லியிருந்தால் இதை இன்று எழுதியிருக்கமாட்டேன். ஆனால் நான் தமிழாசிரியை. ஒருவருடைய கூற்றைத் நேர்க்கூற்றிலிருந்து அயற்கூற்றுக்கு மாற்றும்போது உறவுப் பெயரையும் பேசுபவருக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று இருபது பிள்ளைகளை அடித்துச் சொல்லிக் கொடுத்தவள். அவருக்கு மாமா என்றால் எனக்கு அப்பா.

"ஏங்க, எங்க அப்பா கண்மாய்க்கரை தாண்டி வேப்பமரத்தடியில நிக்கிறாகளாம். சித்தப்பாவும் கூட இருக்காக. காலையில எட்டு மணியிலருந்து பசியோட நிக்கிறாகளாம்."

வாளி அவர் கையிலிருந்து விழுந்தது. "ஐயோ, எட்டு மணியிலருந்தா? ஏறு, ஏறு!" என்றார். டீக்காரப் பெண் பின்னாலிருந்து ஏதோ கத்தியது கேட்டது. அதற்குள் கார் கிளம்பியிருந்தது. அந்த வேகத்தில் நாங்கள் அதுவரை போனதில்லை. மாமனாரின் மீது அவர் கொண்டிருந்த மரியாதை எத்தகையது என்பதை அன்றுதான் நான் முழுமையாக அறிந்தேன். கண்மாய்க்கரை கடந்தது. புளியமரத்தடியில் ஒரு கைக்குட்டை ஆடியது. "உங்க சித்தப்பா கை காட்டுறாரு" என்று என் கணவர் மகிழ்ச்சியோடு சொன்னார். அதற்கு அடுத்த நொடியில் வேப்பமரத்தடியிலிருந்து ஸ்டாப் வாட்சும் கையுமாக ஓர் ஏட்டு சாலைக்கு வந்தார்.

கார் ஓரமாக நின்றது. ஏட்டு உரிமத்தை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பினார். "ஏற்கெனவே ரெண்டு இருக்கு. இது மூணாவது. தெரியுமில்ல என்னாகும்னு?"

"தெரியும்" என்றார் என் கணவர்.

"அப்படி என்ன தலை போற அவசரம்? சொல்லுங்க, எழுதணும்."

அவர் உரிமத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மை எப்போதும் உதவும் என்ற நம்பிக்கையில் நான் குறுக்கிட்டேன். "என் அப்பா இந்த மரத்தடியில் காத்திருப்பதாகச் சொன்னார்கள் ஐயா. அதனால்தான்."

"இங்கன யாரும்மா காத்திருக்கா? எங்க ரெண்டு பேரத் தவிர ஈ காக்கை இல்ல. யாரு சொன்னது? என்ன சொன்னாக? சொன்னபடியே சொல்லுங்க, அதான் வாக்குமூலம்."

சொன்னபடியே சொன்னேன். "மாமா நிக்கிறாக, கண்மாய்க்கரை தாண்டி வேப்பமரத்தடியில, ரெண்டு பேருன்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் காதில் அது விழுந்தது. வேப்பமரம். இரண்டு பேர். என் கணவர் கண்களை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய காதுமடல்கள் சிவந்திருந்தன. ஊரெல்லாம் போலீசாருக்கு வைத்திருந்த அந்தப் பெயர் என் வகுப்பின் கடைசி பெஞ்சு வரை வந்திருக்கலாம். என் மேசைக்கு வந்து சேரவில்லை.

கைக்குட்டைக் காவலர் புளியமரத்தடியிலிருந்து ஓடிவந்திருந்தார். அவர் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஏட்டு எழுதத் தொடங்கி, 'மாமா நிற்பதாகக் கேள்விப்பட்டு விரைந்து வந்தேன்' என்று வாய்விட்டுப் படித்து, பேனாவை நிறுத்தினார்.

"இதக் கோர்ட்டுல வாசிப்பாக. எந்த மாமான்னு ஜட்ஜ் ஐயா கேப்பாரு. நான் என்னன்னு சொல்ல?" என்று என்னிடமே கேட்டார். "டீச்சரா இருக்கீக. வேற நல்ல தமிழ் இருக்கா இதுக்கு?"

யோசித்தேன். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் அந்தத் தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உரிமத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "மாமாவப் பார்க்கத்தானே வந்தீக? ஒரு மணி நேரம் நின்னு பார்த்துட்டுப் போங்க."

அப்படியே நின்றோம். அந்த ஒரு மணி நேரத்தில் பதினான்கு வண்டிகள் அந்த வழியே வந்தன. அத்தனையும் பிரசவத்துக்கு ஆள் ஏற்றிச் செல்வது போல ஊர்ந்து வந்தன. ஒவ்வோர் ஓட்டுநரும் எங்களை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார். தொண்ணூறு மதிப்பெண் தகுதியான மதிப்பெண் என்பதில் எனக்கு ஐயமே இல்லாமல் போயிற்று.

"அந்தப் பிள்ளை சொல்லித்தான் எல்லாரும் இப்படிப் போறாக, எனக்குத் தெரியாதா? பதினோரு மணிக்கு எங்களுக்கும் டீ அங்கனயிருந்துதான் வரும்" என்றார் ஏட்டு. "மெதுவாப் போனாச் சரி. ஆனா இத்தனை வருசத்துல, நாங்க நிக்கிறோம்னு கேட்டு வேகமா வந்தது நீங்க ஒருத்தருதான்யா." பிறகு உரிமத்தை நீட்டினார்.

சுருளிப்பட்டி போய்ச் சேர உச்சிவேளை ஆகிவிட்டது. தோட்டக்காரர் வரப்பில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். "முன்னாடியே வந்து என்ன செஞ்சிருப்பீக? கரண்டே இப்பத்தான் வந்துச்சு" என்றார்.

நேரமாகிவிட்டதால் கம்பத்தில் இறங்காமல் திரும்பும்போதுதான் என் கணவர் அந்தப் பேச்சை எடுத்தார். "உங்க அப்பாவ நான் மாமான்னு கூப்பிடுறேன். போலீசையும் அப்படித்தான் சொல்றாகன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது?" என்றார். பிறகு, "இனிமே யாரு என்ன சொன்னாலும் சொன்னபடியே என்கிட்டச் சொல்லு. திருத்தாத."

வாழ்நாளில் வேறு எவருக்கும் நான் அளிக்காத அந்த வாக்கை அவருக்கு அளித்தேன். அந்த வாரக் கடைசியிலேயே அதைக் காப்பாற்றவும் நேர்ந்தது. அதே விலக்கில், கார் நிற்கும் முன்பே டீக்காரப் பெண் என் சன்னலுக்கு ஓடிவந்து, "டீச்சர், மாமா நிக்கிறாக, பாலத்துக்கிட்ட" என்றாள்.

"மாமா நிக்கிறாக, பாலத்துக்கிட்ட" என்றேன், ஓர் எழுத்தும் மாறாமல்.

என் கணவர் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பற்றி, நடந்து போகும் ஓர் ஆட்டு மந்தை எங்களை முந்தும் அளவுக்கு மெதுவாக ஓட்டினார். பாலம் தெரிந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம், ஒரு வாழைத்தாரும் குடையுமாக, என் தந்தை தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் டீச்சருடைய அப்பா என்று எந்த ஓட்டுநரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்; இந்த முறை அவள் சொன்னது நிஜ மாமாவை. நாங்கள் அவரை நெருங்க ஆன நான்கு நிமிடமும் அவர் கண் கொட்டாமல் காரையே பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கார் நின்றதும் முன்கதவைத் தாமே திறந்து, என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, மருமகன் அருகில் அமர்ந்தார்.

"இப்பத்தான் மாப்பிள்ளை காரு ஓட்டுறாரு" என்றார்.

காரைத் திருப்பித் தேனி வந்து சேரும் வரை என் தந்தையின் பார்வை ஸ்பீடோமீட்டர் முள்ளை விட்டு விலகவில்லை. அந்த உரிமத்தில் மூன்றாம் பதிவு விழவேயில்லை.