பிளேடு மழுங்கவில்லை

1. மூன்றாம் பகுதி

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த அரையிறுதியை நாங்கள் ஒற்றுமையால் வென்றோம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வென்றது ஒரு பொய்யால். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

டென்மார்க்கில், யூலாந்தில் ஒரு சின்ன ஊர்க் கழகம் எங்களுடையது. பகலில் வேலைக்குப் போய், மாலையில் ஐஸ் ஹொக்கி ஆடுகிறவர்களின் பிரிவு. நான் ஹேர்னிங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். கழகத்தில் ஒன்பது பருவம் கப்டனாக இருந்தேன். என்னைத் தவிர அணியில் ஒரேயொரு தமிழன், சுதன். ஸ்கீவவில் பிறந்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன்.

நடுவர் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைப் போட்டதும் இரண்டு பேர் அதற்காக மோதுவார்களே, அந்த ஃபேஸ்-ஓஃப்பில் சுதனை வெல்ல ஆள் இல்லை. பக் எந்தப் பக்கம் வரும் என்பதை எனக்குத் தமிழில் கத்திச் சொல்லிவிடுவான். "அண்ணை, பின்னால விடுறன்!" எதிரணிக்காரர் முழிப்பார்கள். எங்கள் கோச் லார்ஸுக்கு அதில் பெரிய புளுகம், சந்தோசம் தாங்காது. "உங்கட பாஷையை வேற ஒருத்தருக்கும் சொல்லிக் குடுத்திடாதேங்கோ" என்று டேனிஷில் பகிடி விடுவார். மற்ற நேரங்களில் சுதன் என்னோடு டேனிஷில்தான் கதைப்பான்.

அன்று மூன்றாம் பகுதி, ஆட்டத்தின் கடைசிப் பகுதி, இரண்டுக்கு இரண்டு. முடிய ஆறு நிமிடம் இருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் சுதனைப் பின்னாலிருந்து தள்ளிப் பலகைச் சுவரோடு மோதவிட்டான். தலை பட்ட சத்தம் பெஞ்ச் வரை கேட்டது. நடுவர் விசில் ஊதவில்லை. கண்ணுக்கு முன்னால் நடந்ததைக் காணாத மனுசன்! சுதன் தானாகவே எழும்பி, மெல்ல மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணை, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. தலை சுத்துது. ஏலாதண்ணை."

அணியில் காயங்களைப் பார்க்கிற பிசியோ மெட்டே ஓடிவந்தார். தலையில் அடிபட்டவனை உடுப்பு மாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை. அதுதான் விதி. அவர் கேட்டதற்குச் சுதன் பதில் சொல்லாமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் என்னிடம் திரும்பினார்.

"என்ன சொல்லுறான்?"

பின்னால் லார்ஸ் என்னைப் பார்த்தபடி நின்றார். வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

"ஸ்கேட் பிளேடு மழுங்கிப்போச்சாம். கொஞ்சம் தீட்டினாச் சரி."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

கப்டன் சொன்னதை அவர் நம்பினார். ஏன் நம்பமாட்டார்? உபகரணம் பார்க்கிறவர் குந்தியிருந்து, நன்றாக இருந்த பிளேடைக் கல்லால் தீட்டினார். சுதனுக்கு டேனிஷ் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு தரம் என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

இரண்டு நிமிடத்தில் அவனை உள்ளே இறக்கினோம். ஃபேஸ்-ஓஃப்பில் பக் அவனிடமிருந்து எனக்கு வந்தது. அடித்தேன், கோல். எங்கள் வழக்கப்படி எல்லோரும் பாய்ந்துபோய், பக்கை எடுத்துத் தந்தவனின் ஹெல்மெட்டில் கையுறையால் படபடவென்று தட்டினோம். முதலில் தட்டியவன் நான்.

2. லார்ஸின் மறுமொழி

உடுப்பு மாற்றும் அறையில் சுதன் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, ஆர் வெண்டது?" என்றான்.

சமையலறை அலுமாரிகளுக்குக் கணினியில் வரைபடம் போடுவது அவன் தொழில். அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை. மகள் கரண்டியைக் கீழே போட்டால்கூட எழும்பி அறைக்குள் போய்விடுவான். இன்றைக்கும் வாரத்தில் சில மணி நேரம்தான் வேலை செய்கிறான்.

லார்ஸிடம் போய்க் கத்தினேன். அவர் பதறாமல் ஆறுதலாகச் சொன்னார்: "நான் ஒண்டும் கேக்கேல்லையே. நீதானே சொன்னனி."

என்ன மனுசன் இவர்! ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

சுதன் என்னோடு கோபிக்கவே இல்லை. "நீங்கள் கப்டன். நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன் அண்ணை." அவன் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

3. ஸ்கீவவில்

சில மாதங்கள் கழித்து அவனைப் பார்க்க ஸ்கீவவுக்குப் போனேன். சுதன் திரைச்சீலையை மூடிவிட்டுப் படுத்திருந்தான். அவன் அம்மா என்னைக் குசினி மேசையில் இருத்தினார். முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறவர், அடிபட்ட தலைகள் எத்தனையோ பார்த்தவர்.

"அடிபட்ட உடனை பிள்ளை தமிழிலதான் சொன்னவனாம். எங்களோடையே டேனிஷ் கதைக்கிற பிள்ளை, தமிழிலை சொல்லியிருக்கிறான் எண்டா எவ்வளவு ஏலாமல் இருந்திருக்கும்? அந்தச் சனத்துக்கு விளங்கியிருக்காது, பாவங்கள்."

நான் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீர் பக்கத்திலதானே இருந்தனீர்? உமக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது அன்ரி."

"விளங்கினதோ?"

"விளங்கினது."

"பிறகேன்?"

அவர் எழும்பிப்போய் அடுப்பை நிற்பாட்டினார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

4. கழகத்தின் அழைப்பு

போன மாதம் கழகத்திலிருந்து தொலைபேசி. புதிய கப்டன்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறார்களாம், நான் வந்து ஒற்றுமையைப் பற்றிப் பேசவேண்டுமாம்.

"அந்த அரையிறுதிக் கதையைச் சொல்லுங்கோ," என்றார் நிர்வாகி. "காயத்தோட திரும்பி வந்து பக்கை எடுத்துத் தந்தானே, அவன்ரை கதை. அணிக்காகத் தன்னை மறந்தவன் எண்டு."

தன்னை மறந்தவனாம்! எனக்கு உச்சந்தலை கொதித்தது. அவன் எதையும் மறக்கவில்லை. தனக்கு ஏலாது என்று வாய் திறந்து சொன்னான். பதினெட்டுப் பேர் வெல்வதற்காக அந்த ஒருவனின் வாயை நான் பொத்தினேன். அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்துக் கைதட்ட இவர்களுக்கு வெட்கமில்லையா? போட்டி என்றால் வெல்லத்தான் வேண்டும், நானும் வெல்லத்தான் ஆடினேன். ஆனால் சுதனும் அந்த அணியில் ஒருவன்தானே!

வருகிறேன், நடந்ததை நடந்தபடியே சொல்வேன் என்று எழுதி அனுப்பினேன். இன்னும் மறுமொழி இல்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும், இங்கேயே சொல்கிறேன். நாளைக்குக் கப்டனாகப் போகிற பிள்ளைகளே, பக்கத்தில் இருக்கிறவன் தலை சுத்துது என்றால், "தலை சுத்துதாம்" என்று அப்படியே சொல்லுங்கள். கோச் முறைத்தாலும் சொல்லுங்கள். ஆட்டம் தோற்றாலும் சொல்லுங்கள்.

நான் சொல்லவில்லை.