மார்க் வைத்த இடம்

மூக்கண்டப்பள்ளியில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வருவார்கள். பயிற்சியோடு சீன வைத்தியத்தையும் கொஞ்சம் கலந்து செய்கிறவள் நான். உடம்பில் சக்தி ஓடும் பாதைகள் உண்டு, அவற்றின் மேல் இருக்கும் புள்ளிகளை அழுத்தினால் வலி தணியும் என்பது சீனர்கள் கணக்கு. கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். வலி தணிந்தால் பயிற்சி செய்ய மனசு வரும், எனக்கு அது போதும்.

போன வருடம் ஒரு அக்கா வந்தார். ஊர் கல்லாவி. இங்கே தங்கி, பிரேக் செய்யும் கம்பெனியில் போல்ட் முடுக்குகிறார். வலது தோள் இறுகி, கை காதுக்கு மேல் ஏறவில்லை. ஒரு மாதத்தில் தூக்கிக் காட்டாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

நான் அவர் காலைப் பிடித்தேன். தோளுக்கான புள்ளி ஒன்று முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருக்கிறது.

"கை வலின்னு வந்தா காலப் புடிக்கறீங்களே மேடம்!" என்று நெளிந்தார்.

அழுத்தியபடியே கையைத் தூக்கச் சொன்னேன். நாலு விரற்கடை கூடுதலாக ஏறியது. அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம். காலிலும் கையிலும் தோளிலுமாக மூன்று இடங்களில் மார்க்கரால் புள்ளி வைத்தேன். வீட்டில் தினமும் அழுத்திவிட்டு, சுவரில் விரலால் ஏறிப் பழகச் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தார். கை ஒரு இம்மிகூட ஏறவில்லை. வலி தாங்காமல் சுவர்ப் பயிற்சியையும் விட்டிருந்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"அழுத்துனீங்களா இல்லையாக்கா?"

"அழுத்துனேன் மேடம். புள்ளி வெச்ச எடத்த மட்டும் உட்டுட்டு, சுத்தி எல்லா எடத்துலயும்."

"அத ஏன் உட்டீங்க?"

"அது நீங்க முடிச்ச எடமாச்சே? எங்க லைன்ல முடுக்கி மார்க் வெச்ச போல்ட்ட யாராச்சும் தொடுவாங்களா? குளிக்கறப்ப அழிஞ்சிடும்னு தெனமும் நானே புதுசா வேற வெச்சேன்."

சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். எத்தனை வருடமாக இந்தக் கைகளைப் பிடித்துவிடுகிறேன், அவை என்ன வேலை செய்கின்றன என்று ஒரு நாளாவது கேட்டேனா? பத்து நாள் வீணாய்ப் போனது என்னால்தான்.

புள்ளிகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அழுத்தி, சுவர் ஏறி, எல்லாம் முடிந்த பிறகு மார்க் வைக்கச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்த வேலை. விரல் எட்டிய உயரத்தைச் சுவரிலும் குறித்துக்கொண்டே வந்தார். கம்பெனியில் தூக்கிக் காட்டச் சொன்ன அன்றைக்குக் கை காதைத் தாண்டி ஏறியது. வேலை போகாமல் தப்பியது. புள்ளியாலா சுவராலா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஷிப்ட் முடிந்ததும் சொல்ல வந்தார். நான் விளையாட்டாக மார்க்கரை எடுத்துத் தோள்பக்கம் கொண்டுபோனேன். சட்டென்று விலகிக்கொண்டார்.

"வேணாம் மேடம், இன்னும் முழுசா ஏறல. மார்க் வெச்சிட்டா அப்புறம் நீங்களும் தொட மாட்டீங்க."