ஆண் குரல் என்று நான் சொன்னது

அது பெண் குரல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, ஆண் குரல் என்று சொன்னேன்.

இத்தனை ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லத் துணிவது, நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான்... வேறு பெருமை ஒன்றுமில்லை.

அப்போது விழுப்புரத்தில் கணினி அறிவியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியும் திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கின. கணினிக்குள் ஒரு கற்பனைக் கிராமம். ஆளுக்கு ஒரு பொம்மை உருவம். அந்த உருவத்தை நடக்கவிட்டு, முகம் பார்த்திராத ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும். கூடி வேலை செய்யக் கற்பதுதான் பாடம். எனக்கும் திண்டிவனத்து ஜெசிந்தாவுக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது.

ஒருவர் வைத்த சுவரை மற்றவர் தொட வேண்டுமானால், வைத்தவர் அனுமதி தர வேண்டும். ஜெசிந்தா முதல் நாளே எல்லாவற்றையும் எனக்குத் திறந்துவிட்டாள். நான் தரவில்லை. இவ்வளவு சுலபமாக ஒருத்தி நம்புவாளா என்றுதான் தோன்றியது. யாராவது நல்லபடியாக நடந்துகொண்டால் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் புத்தி எனக்கு... இன்றும் அது போகவில்லை.

சில வாரங்களில் அவளுடைய எழுத்து மாறியது. முதலில் முழு வாக்கியங்களாக, மரியாதையாக வரும். சற்று நேரம் கழித்து அதே பெயரிலிருந்து ‘சரிப்பா’, ‘ஆச்சுப்பா’ என்று துண்டு துண்டாக வரும். நான் பொறி வைத்தேன். கதவுக்குப் பச்சை நிறம் என்று பேசியிருந்தோம். “நீலம்னுதானே சொன்னோம்?” என்று கேட்டேன். “ஆமாப்பா, நீலம்தான்” என்று பதில் வந்தது.

உருவம் ஒன்று, உள்ளே இரண்டு பேர். எவனோ ஒருவன் பெண் பெயரில் உட்கார்ந்திருக்கிறான் என்று அன்று உண்மையாகவே பயந்தேன். அந்தப் பயத்தில் பொய் இல்லை.

பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். என் ஹெட்போனில் இரண்டு பெண்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“ஜல்தி கிளம்புடி. பஸ்ஸ உட்டா உன் மாமியா பேஜாரு பண்ணும். மிச்சத்த நான் பண்ணிக்கினு இருக்கேன்.”

“கயல்கிட்ட சொல்லிடலாமா செல்வி? பாவம், அந்தப் பொண்ண ஏமாத்துற மாதிரி இருக்குது.”

“பாதியில எழுந்து போறன்னு தெரிஞ்சா உன்ன டீம்ல இருந்து தூக்கிடுவாங்க. இது முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

எல்லாம் விளங்கிவிட்டது. ஜெசிந்தாவுக்குப் படிப்பின் நடுவிலேயே திருமணம் ஆகியிருக்கிறது. வகுப்பு முடியுமுன் புகுந்த வீட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மீதி நேரம் தோழி செல்வி அவளுடைய உருவத்தை நடத்துகிறாள். கயல் என்று என் பெயரைச் சொல்லி ஜெசிந்தா வருந்தியதையும் கேட்டேன். கேட்டும்...

அந்த வாரம்தான் எங்கள் சார், ஜெசிந்தா கட்டிய பிரசவ அறையை எல்லோர் முன்பாகவும் பாராட்டினார். நான் கட்டியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு பேர் சேர்ந்துகொண்டு என்னைத் தோற்கடிக்கிறார்கள் என்று நினைத்தேன். நியாயம் கேட்கப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன்.

“சார், ஜெசிந்தா ஐடியில வேற யாரோ வர்றாங்க.”

“கூடப் படிக்கிற பொண்ணா இருக்கும். பாத்துக்கலாம்மா.” அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பொண்ணு இல்ல சார். ஆம்பள. கொரல் கேட்டேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவா? வேறு காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாளிலிருந்து ஜெசிந்தாவின் உருவம் வரவில்லை. சுகாதார நிலையத்தை நானே முடித்தேன். அவள் எனக்குத் திறந்துவைத்திருந்த அனுமதி அப்போது நன்றாகவே உதவியது.

நிறைவு நாளன்று எங்களைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார்கள். கைதட்டல் முடிந்து வெளியே வந்தபோது ஒல்லியான ஒரு பெண் என்னிடம் வந்தாள். அவள்தான் செல்வி.

“ஜெசிந்தா வூட்டுக்கு காலேஜுல இருந்து போன் போச்சிங்க. அவ ஐடியில ஆம்பள ஒருத்தன் பேசுறான்னு சொல்லிட்டாங்க. யாருடி அவன்னு அவங்க வூட்டுக்காரரு கேட்டுக்கினே இருந்தாராம். நான்தான் பேசினேன்னு நேர்ல போய் சொன்னேன். நம்பலைங்க. அவள அம்மா வூட்ல கொண்ணாந்து உட்டுட்டாரு. காலேஜுக்கும் அனுப்ப மாட்றாங்க.”

அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“யாரு சொல்லியிருப்பாங்க? உங்களுக்கு ஏதாவது தெரியுமாங்க?”

“தெரியலையே.”

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சொன்னபோது அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது தெரியும்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. என்னால் மட்டும் எப்படி எல்லோரையும் சந்தேகிக்க முடிந்தது?

ஜெசிந்தா அந்த ஆண்டு தேர்வு எழுதவில்லை. வெகுகாலம் கழித்துக் கணவன் வந்து அழைத்துப் போனதாகச் செல்வி சொன்னாள். இன்று ஜெசிந்தாவின் கைப்பேசியை அவர்தான் வைத்திருக்கிறாராம். யாரோடாவது பேச வேண்டுமானால் அவர் முன்னால் உட்கார்ந்துதான் பேச வேண்டுமாம். அந்த வீட்டில் நான் போட்ட சந்தேகம் இன்னும் குடியிருக்கிறது.

நான் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. செல்வி இன்னமும் எனக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புகிறாள். போன வாரம் வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது: “ஜெசிந்தா உங்க நம்பர் கேக்குறா. குடுக்கட்டுமா?”

ஏன் கேட்கிறாள்? தெரிந்துவிட்டதா? யார் சொன்னது? எங்கள் சாரா? அல்லது... பழைய கூட்டாளியான என் குரலைக் கேட்க வேண்டும் என்ற வெறும் ஆசையா? எதை நம்புவதென்று எனக்குத் தெரியவில்லை.

செய்தியைப் படித்துவிட்டேன். படித்துவிட்டேன் என்பது செல்விக்கும் தெரியும். இன்னும் பதில் அனுப்பவில்லை.