திசை தெரியாதவர் என்று பெயர் வாங்கிய அக்கா

சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி எழுதச் சொல்லி அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேட்டதுமே எதை எழுதுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது என்று கேலி செய்தவர்கள் உங்களில் பாதிப் பேர். நானும்தான். அந்தப் பெயரை மாற்றாமல் இன்றைக்கு விடப்போவதில்லை!

அக்கா பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறி ஓடிய வீட்டில். பத்து வயதிலேயே நான் சைக்கிளில் ஊர் சுற்றினேன். என்னைவிடப் பெரியவரான அக்காவை யாரும் தனியாக அனுப்பியதில்லை. முதலில் அப்பாவின் சைக்கிள், அப்புறம் என் சைக்கிள், கல்யாணம் ஆனதும் மாமாவின் ஸ்கூட்டர். எல்லாவற்றிலும் பின்சீட்டுதான்.

சின்ன காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட புதிதில், ஒருநாள் அம்மாவைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிவிட்டார். அம்மா வீடு மேற்கே என்று தெரியும். சாமி கிழக்கு பார்த்துத்தான் இருக்கும், அதனால் வரதராஜப் பெருமாள் கோபுரத்தை நோக்கி நடந்தால் மேற்கு என்று முடிவு கட்டினார். பெருமாளோ அங்கே மேற்கு பார்த்து நிற்கிறார்! கோயிலைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, வயல்வெளி வரைக்கும் போய்விட்டார் அக்கா. யாரோ ஒரு வண்டிக்காரர் கூட்டிவந்து விட்டார். பதினேழு பதினெட்டு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அக்காவும் கூடவே சிரித்தார்.

முப்பத்தெட்டு வயதில் பழைய மொபெட் ஒன்றை வாங்கினார். தறியை விட்டு எழுந்ததும் தினம் ஒரு புதுத் தெரு. ஒருநாள் போன வழியில் மறுநாள் போக மாட்டார். ஒவ்வொரு முனையிலும் வண்டியை நிறுத்தி, வரும்போது அந்த இடம் எப்படித் தெரியும் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். தென்னேரி ஏரிக்கரை, மாகறல் கோயில் எல்லாம் தனியாகவே போய் வந்தார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

“இத்தினி வருசமா பின்னாடியே உக்காந்துக்கினு போனேன். முதுகைத் தவிர இன்னாத்தடா பாத்தேன்?” என்றார்.

அடுத்த பங்குனியில் அக்காவின் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. எங்கள் குடும்பத்தில் பிளஸ் டூ வரைக்கும் படித்த முதல் பெண் அவள்தான். கணக்குப் பரீட்சை அன்று ஏகாம்பரநாதர் கோயில் தேர். பள்ளிக்கூடமோ ஊரின் மறுகோடியில். எனக்கு ஊர் அத்துப்படி என்று பெருமையடித்து, பெண்ணை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். மனசு கேட்காமல் அக்காவும் மொபெட்டில் கூட வந்தார்.

ராஜ வீதி முனையில் தேர் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. முன்னால் ஜனம், பின்னால் ஜனம். பரீட்சைக்கு இன்னும் இருபதே நிமிஷம். பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். ஊர் அத்துப்படியான எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“புள்ளைய இதுல ஏத்து. நீ என் பின்னாடியே வா” என்றார் அக்கா.

அப்பப்பா, என்ன போக்கு அது! ஒரு சந்து, ஒரு குளத்தங்கரை, மறுபடி ஒரு சந்து. நேராகப் போகச் சொல்லி நான் கத்தினேன். இந்நேரத்துக்கு அந்தத் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, சட்டென்று இடதுபக்கம் திரும்பினார். எட்டிப் பார்த்தேன். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள், ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது! நாங்கள் பள்ளிக்கூட வாசலில் இறங்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. நான் குதித்த குதியைப் பார்த்த வாட்ச்மேன், பாஸானது நான்தான் என்று நினைத்திருப்பார். அந்தப் பெண் இன்று கணக்கு டீச்சர்.

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்த அக்கா பத்தே நாளில் போய்விட்டார். ஐம்பதுகூட ஆகவில்லை. அந்தப் பத்து நாளும் மாறி மாறிக் கூட இருந்த அக்கம்பக்கத்தாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய உங்களுக்கும் எங்கள் நன்றி. மொபெட்டை நிறுத்தி வழி கேட்ட அக்காவுக்குச் சிரிக்காமல் வழி சொன்ன முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி.

இதை எழுதுவதற்கு முன்னால், அந்த வழியில் ஒருதரம் போய்வர ஆசைப்பட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். இரண்டாவது சந்திலேயே மாட்டிக்கொண்டேன். அக்காவின் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பின்னால் உட்கார்ந்து ஃபார்முலா மனப்பாடம் செய்துகொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த வழி முழுக்க நான் பார்த்தது அக்காவின் முதுகைத்தான்.